தஞ்சோங் பகார் நிலையத்தில் ரப்பரால் ஆன சுவர்ப்படங்கள்

சிங்கப்பூர் கெப்பல் சாலையில், துறைமுகத்துக்கு அருகே நிற்கும் பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை நம்மில் பலர் அறிவோம். தோட்டப்புறங்களிலிருந்து வேலை தேடியும் உறவினரைப் பார்க்கவும் ரயிலேறி வந்தவர்கள் வந்து இறங்கிய இடம் அது. ஆனால், அதன் மண்டபச் சுவர்களை அலங்கரிக்கும் படங்கள் எதனால் ஆனவை என்பது பலருக்கும் தெரியாது. பார்வைக்குப் பீங்கான் ஓடு போலத் தோன்றினாலும் அவை ரப்பரால் செய்யப்பட்டவை.

இந்நிலையத்தை 1932 மே 2ஆம் தேதி ஆளுநர் சர் சிசில் கிளமென்டி திறந்து வைத்தார். ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த டி.எஸ். பெட்ரோவிச் இதை வடிவமைத்தார். முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் உள்ளன. அவை வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில்துறை ஆகியவற்றைக் குறிக்கின்றன.

உள்ளே சென்றால், சுமார் 22 மீட்டர் உயரக் கூரையின் கீழ் அந்தச் சுவர்ப்படங்களைக் காணலாம். நெல் நடவு, ஈயச் சுரங்கம், தென்னை, மாட்டு வண்டி, கப்பல் எனப் பழைய மலாயாவின் உழைப்பு அவற்றில் விரிகிறது. பால்மரம் சீவும் காட்சியும் உண்டு. இவற்றைச் செய்தது சிங்கப்பூர் ரப்பர் ஒர்க்ஸ் நிறுவனம்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். நிலையம் திறக்கப்பட்ட 1932, உலகப் பொருளாதாரப் பெருமந்தம் மலாயாவைக் கடுமையாகத் தாக்கிய ஆண்டு. 1925இல் ஒரு பவுண்டு ஒரு டாலருக்கு மேல் விற்ற ரப்பர், அப்போது வெறும் சில காசுகளுக்கு விலைபோனது. தோட்டங்கள் ஆட்குறைப்பு செய்தன. ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகி, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. 1930 முதல் சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் அதிகமான தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ரப்பர் விலை உச்சத்தில் இருந்த 1920களில் கனவு கண்ட கட்டடம், அந்த விலை சரிந்து கிடந்த நேரத்தில் கதவு திறந்தது. மரம் சீவுவோரின் உருவம் மண்டபச் சுவரில் ஏறிய அதே காலத்தில்தான், மரம் சீவிய கைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

இங்கிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு புறப்பட்டது. அதை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். மறுநாள் முதல் மலாயன் ரயில்வே சேவை ஊட்லண்ட்ஸுக்கு மாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்நிலையம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்ததால், கட்டடமும் சுவர்ப்படங்களும் பாதுகாக்கப்பட்டன.

ஆனால், சுவர்ப்படங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, அந்தப் பஞ்ச காலத்தைத் தாங்கிய குடும்பங்களின் நினைவுகளுக்கு இல்லை. யார் கப்பலேறினார்கள், யார் தங்கினார்கள், லயத்தில் எஞ்சியவர்கள் எதைச் சாப்பிட்டு நாளைக் கடத்தினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நம்மிடம் வந்தவை. பெற்றோரிடம் அவற்றைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைப்போம்.