ரசீதில் எழுத முடியாத வேலை

பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும். அங்கேயே டைப்பிங், ஸ்பைரல், ஹார்டு பைண்டிங் எல்லாம் நடக்கும். புதுச்சேரியில் காலாப்பட்டானாலும் லாஸ்பேட்டையானாலும், கையெழுத்துப் படியைக் கொடுத்துவிட்டுத் தங்க எழுத்தில் தலைப்பு அச்சிட்ட புத்தகமாக வாங்கி வந்தவர்கள் நம்மில் நிறைய பேர். அதில் தவறொன்றும் இல்லை. இப்போது அந்த வரிசையில் இன்னொரு சேவையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசிக்கு வரும் செய்தி அதை ‘முழு உதவி’ என்கிறது. ஆய்வேட்டின் சினாப்சிஸ் முதல் வைவா வரை இடைத்தரகர்களே பார்த்துக்கொள்வார்கள். சோதனை மென்பொருள் காட்டும் ஒப்புமை பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்கும் என்று உத்தரவாதம் வேறு. பாதிப் பணம் முன்னால், மீதி முடிந்ததும்.

இது சரியா, தவறா என்று குழம்பும் மாணவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். செய்யப்போகும் வேலையைப் பெயர் சொல்லி ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஆங்கில மொழித் திருத்தம், 180 பக்கம்’ என்று எழுதித் தருவார்கள். ‘பக்க வடிவமைப்பு’, ‘மேற்கோள் பட்டியலை ஒழுங்கு செய்தல்’ என்றாலும் தயங்க மாட்டார்கள். ‘மூன்றாம் இயலை எழுதிக் கொடுத்த வகையில்’ என்று மட்டும் யாரும் எழுதித் தரமாட்டார்கள். அந்த வேலையைத்தான் வாங்கக் கூடாது.

காரணம் ஒழுக்கம் மட்டுமல்ல. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 ஜூலையில் கொண்டுவந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், இன்னொருவரின் ஆக்கத்தையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதையே எழுத்துத் திருட்டு என்கின்றன. காசு கொடுத்து வாங்கியது, நண்பன் இலவசமாக எழுதித் தந்தது என்ற வேறுபாடு அங்கே கிடையாது. ஆய்வேட்டோடு, இது என் சொந்தப் படைப்பு என்று நீங்கள் கையெழுத்திட்டு உறுதிமொழி தருகிறீர்கள். நெறியாளரும் தன் பங்குக்குச் சான்றளிக்கிறார். எழுதிக் கொடுத்தவரின் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது.

அந்தப் ‘பத்து சதவீதம்’ எங்கிருந்து வந்தது? இதே விதிமுறைகளிலிருந்துதான். ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு வெளிப்பட்டால் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம். முறையாகக் காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பிரிவுகள், பொதுவான சூத்திரங்கள் ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. இது தெரியாததால், நூற்பட்டியலையும் சேர்த்து 23 சதவீதம் காட்டும் அறிக்கையைப் பார்த்துப் பயந்து இடைத்தரகரிடம் ஓடுபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவை மென்பொருளில் ஒரு சரியான அமைப்பை டிக் செய்வது மட்டுமே.

சதவீதத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் செய்வது சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் வேலைதான். மென்பொருள் ஏமாறலாம், படிக்கும் மனிதர் ஏமாறமாட்டார். பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் 2021-இல் இப்படிச் சிதைந்த தொடர்களை நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் தேடிப் பிடித்தார்கள். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பது ‘புஸம் பெரில்’ ஆகியிருந்தது. ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்தது. ‘சித்திரவதைச் சொற்றொடர்கள்’ என்று அவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் ஆய்வேடு, ஆய்வேடுகளைச் சேமிக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிய பிறகு, உலகத்தில் எவரும் எந்த ஆண்டிலும் அதைத் திறந்து பார்க்கலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. தரகர் தன்னிடமுள்ள ஏதோ ஒரு நிறுவனக் கணக்கில் உங்கள் வரைவை ஏற்றிப் பார்க்கிறார். அது அங்கேயே சேமிப்பில் தங்கிவிடுகிறது. நாளை உங்கள் துறை அதிகாரப்பூர்வமாகச் சோதிக்கும்போது, உங்கள் எழுத்தே உங்கள் எழுத்தோடு தொண்ணூறு சதவீதம் ஒத்துப்போகிறது. இதை விளக்கி மீள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ‘ஷோத்சுத்தி’ திட்டத்தில் 2019 முதல் இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்குச் சோதனை மென்பொருள் வழங்கி வருகிறது. காலாப்பட்டுப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை பெயரிலுள்ள நூலகத்தில் முதலில் விசாரியுங்கள். வெளியே காசு கொடுப்பது அப்புறம்.

‘பேப்பர் போட்டுத் தருகிறோம்’ என்பது அடுத்த கடை. அதன் பெரிய விளம்பரம் ‘யுஜிசி கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்பது. தரமான இதழ்கள் என்று வைத்திருந்த அந்தப் பட்டியலையே மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையும் 2022 நவம்பரில் வந்த பிஎச்டி விதிமுறைகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அதைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச் சான்று அல்ல. அது வெறும் அடையாள எண்.

ஏமாந்த பிறகு என்ன வழி? இங்கேதான் அந்த ரசீது மறுபடி வருகிறது. மொழித் திருத்தத்துக்கு ரசீதோடு பணம் கொடுத்து, வேலை அரைகுறையாக வந்தால், அது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆய்வேட்டையே எழுதித் தரச் சொல்லிக் கொடுத்த முன்பணத்தோடு ஆள் மறைந்தால் கதை வேறு. பொதுநலக் கொள்கைக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அந்த ஒப்பந்தத்தை நம்பி நியாயம் கேட்டுப் போவது கடினம். கேட்டால் நீங்களே உங்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். தரகருக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால்தான் சிலர் வேலை முடிந்த பிறகும் விடுவதில்லை. ‘உங்கள் கைடிடம் சொல்லிவிடுவேன்’ என்று மேலும் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின் கீழ் மிரட்டிப் பணம் பறித்தல் குற்றம். வாங்கியவர் செய்தது தவறென்றாலும் மிரட்டியவர் செய்தது குற்றம்தான். பணம் இணையவழியில் போயிருந்தால் தாமதிக்காமல் இணையவழி மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நேரம் கடந்தால் பணம் போன கணக்கை முடக்குவது கடினம். இங்கிலாந்தில் 2022 முதல், இப்படி எழுதிக் கொடுத்து வியாபாரம் செய்வதே குற்றம். நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை.

தவறு செய்யாதவர் மீதும் குற்றச்சாட்டு வரலாம். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் மனிதர் எழுதியதையும் தவறாகக் காட்டுகின்றன. புகார் வந்தால், அதே 2018 விதிமுறைகளின்படி துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என இரண்டு கட்டமாக விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 45 நாள் கெடு. உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. அன்றைக்குக் கைகொடுப்பவை உங்கள் பழைய வரைவுகள், நெறியாளர் சிவப்பு மையில் திருத்திய தாள்கள், கூகுள் டாக்ஸில் தேதிவாரியாக இருக்கும் மாற்றங்கள். இவற்றை அழித்துவிடாதீர்கள்.

மதிப்பீட்டில் நியாயமில்லை, சான்றிதழை இழுத்தடிக்கிறார்கள் போன்ற வேறு குறைகளுக்கு 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பழியை மாணவர் தலையில் மட்டும் போடவும் எனக்கு மனமில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் மீதே எழுத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு எழுந்து, 2015-இல் மாணவர்கள் வீதிக்கு வந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. காரைக்காலிலோ பாகூரிலோ தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் இருநூறு பக்கம் ஆங்கிலத்தில் எழுது என்கிறோம். எப்படி எழுதுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆய்வறம் பற்றிய இரண்டு கிரெடிட் பாடம் கட்டாயம்தான். அது எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறது, ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்று சொல்வதில்லை. ஸ்வயம் தளத்தில் ‘அகாடமிக் ரைட்டிங்’ பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. கடற்கரைப் பக்கம் செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகத்துக்குப் போனால், நல்ல ஆய்வுக்கட்டுரை எப்படி இருக்கும் என்றாவது கண்ணால் பார்க்கலாம்.

யாரிடமாவது திருத்தம் வாங்கினால் அவர் பெயரை நன்றியுரையில் போடுங்கள். அப்படிப் போட வேண்டாம் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.