எசேக்கியேல் 8 ஆம் அதிகாரம்

எபிரேய விவிலியத்தின் எசேக்கியேல் நூலில் 8 ஆம் அதிகாரம் எருசலேம் கோவிலில் நடந்த சிலை வழிபாட்டைக் காட்சியாக விவரிக்கிறது. கிமு 597 இல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட எசேக்கியேல், கிமு 592 இல் யூதாவின் மூப்பர்கள் தம் வீட்டில் அமர்ந்திருந்தபோது இக்காட்சியைக் கண்டதாக நூல் கூறுகிறது.

உள்ளடக்கம்

இதில் நான்கு காட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொடியதாகக் காட்டப்படுகிறது. வடக்கு வாயிலருகே ஒரு சிலை நிற்கிறது. இருண்ட அறையில் 70 மூப்பர்கள் ஊர்வன முதலியவற்றின் உருவங்களுக்குத் தூபம் காட்டுகின்றனர். மெசொப்பொத்தேமியத் தெய்வமான தம்மூசுக்காகப் பெண்கள் அழுகின்றனர். ஏறத்தாழ 25 ஆண்கள் கோவிலுக்கு முதுகைக் காட்டி, கிழக்கு நோக்கிக் கதிரவனை வணங்குகின்றனர்.

விளக்கம்

இவை எசேக்கியேல் காலத்தில் கோவிலில் உண்மையாகவே நடந்தனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்னர் மனாசே அரசன் காலத்தில் நடந்த குற்றங்களே இங்குத் தொகுக்கப்பட்டுள்ளன என்று மோசே கிரீன்பர்க் கருதினார். ஆனால் அதே காலத்தவரான எரேமியாவின் நூலும் விண்ணரசி வழிபாட்டைக் கண்டிக்கிறது.

கடவுள் நாட்டைக் கைவிட்டுவிட்டார் என்பது மூப்பர்களின் எண்ணம். அதிகாரம் இதை மறுக்கிறது. மக்களின் செயல்களே கடவுளைத் தம் திருத்தலத்திலிருந்து அகலச் செய்கின்றன என்கிறது. சிலை வழிபாட்டுடன் நாட்டில் நிறைந்த வன்முறையும் தண்டனைக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

கோவிலின் அழிவை அதன் தெய்வத்தின் தோல்வியாகப் பலரும் கருதிய காலம் அது. கிமு 587/586 இல் எருசலேம் கோவில் அழிந்ததைத் தோல்வியாக அன்றித் தீர்ப்பாகப் புரிந்துகொள்ள இவ்வதிகாரம் வழிவகுத்தது. நாடு கடத்தப்பட்டோருடனும் கடவுள் இருப்பதாக 11 ஆம் அதிகாரம் இதனை நிறைவு செய்கிறது.