ஆங்கிலம் கற்பிக்கப் போனவர் அரிச்சுவடி படிக்கிறார்

தாதர் ஸ்டேஷனில் முதன்முதலாக வந்து இறங்கிய நாளை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார். ஊரில் பி.ஏ. பட்டம் வாங்கியவராக இருப்பார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவராகவும் இருப்பார். ஆனால் எதிரே வந்து நிற்கும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் நம்பர் அவருக்குப் புரியாது. அது தேவநாகரி எண். படித்தவர் ஒரே நாளில் எழுத்தறியாதவர் ஆகிவிடும் அனுபவம் அது.

ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் டோக்கியோவில் வந்து இறங்கும் இளைஞர்கள் பலருக்கும் இதே அனுபவம்தான். ஒரு வித்தியாசம்: அவர்கள் வேலை தேடிப் போனவர்கள் அல்லர், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க அழைக்கப்பட்டுப் போனவர்கள்.

"ஜெட்" என்று சுருக்கமாக வழங்கும் இந்த அரசுத் திட்டம் 1987-ல் தொடங்கியது. முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் சென்றார்கள். இன்று ஏறக்குறைய 50 நாடுகளிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். இந்தியாவும் அதில் உண்டு. பட்டப் படிப்பும் நல்ல ஆங்கிலமும் வேண்டும். உதவி ஆசிரியர் வேலைக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு, இரு தரப்புக்கும் சம்மதமானால் 5 ஆண்டு வரை நீட்டலாம். எந்த ஊர் என்பது மட்டும் நம் கையில் இல்லை. விருப்பம் எழுதிக் கொடுக்கலாம்; கிடைப்பது மலையடிவாரக் கிராமமாகவும் இருக்கலாம், மீன்பிடித் தீவாகவும் இருக்கலாம்.

பகடிக்கு அண்ணன்

டோக்கியோவில் சில நாள் பயிற்சி முடிந்ததும் அவரவர் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கல்வி அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து அழைத்துப் போவார். வீடு பார்த்துக் குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும்.

வாடகை வீட்டுக்கு முன்பணம் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் "ரெய்கின்" என்று இன்னொன்று உண்டு. வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கும் பணமாம், திரும்பி வராது. எல்லா வீட்டுக்கும் கேட்பதில்லை; கேட்டால் பெரும்பாலும் ஒரு மாத, இரண்டு மாத வாடகை. பகடி கொடுத்துப் பழகிய மும்பைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் சம்பளம் வரும்வரை தாக்குப் பிடிக்கக் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதையும் நாம் அறிவோம்.

குப்பை கொட்டுவதே ஒரு பாடம். எரியக்கூடியது ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டில் வேறொரு நாள். மாற்றி வைத்தால் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு மூட்டையை அங்கேயே விட்டுப் போவார்கள். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் நம் ஆசிரியருக்குப் படிக்கத் தெரியாது! சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெறும் காய்கறி சூப் போலத் தோன்றுவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும்.

வாய் திறக்காத வகுப்பு

ஆகஸ்டில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஆகவே முதல் சில வாரங்கள் மேஜைக்கு முன்னால் வேலையின்றி உட்கார்ந்திருப்பதே வேலை. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ இரண்டாம் பருவம் தொடங்கும். வெளிச் செருப்பை வாசலில் கழற்றி, பள்ளிக்குள் மட்டும் போடும் செருப்பை மாட்டிக்கொண்டு நுழைய வேண்டும். ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே கூடத்தில் வரிசையாக மேஜைகள். நம் ஆபீஸ் ஹாலையே பார்ப்பது போல இருக்கும். வகுப்பறையையும் நடையையும் மாணவர்களே கூட்டித் துடைப்பார்கள்.

முதல் வகுப்பு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வகுப்பு. பேசி முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்று கேட்டால் நிசப்தம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. தப்பாகச் சொல்லி எல்லோர் முன்னும் தலைகுனிய நேருமோ என்ற பயம். இந்த மௌனம்தான் புதிய ஆசிரியரைப் படுத்தி எடுக்கும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர் பலருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதே சட்டென்று விளங்காது.

தமிழருக்கு விளங்கும். ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "நான் சோறு சாப்பிட்டேன்" என்பதை அதே வரிசையில்தான் அவர்களும் சொல்வார்கள். நாம் கேள்விக்கு முடிவில் "ஆ" சேர்ப்பது போல அவர்கள் "கா" சேர்ப்பார்கள். ஆங்கிலத்தின் "ஏ", "தி" இரண்டும் அவர்கள் மொழியிலும் இல்லை, நம் மொழியிலும் இல்லை. நாம் "பஸ்ஸு" என்று உகரம் சேர்த்துச் சொல்வது போல அவர்களும் சேர்ப்பார்கள். "ல"வுக்கும் "ர"வுக்கும் அங்கே வேற்றுமை கிடையாது. எனவே "மில்க்" அவர்கள் வாயில் "மிருகு" ஆகிவிடும். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பிள்ளை எங்கே இடறும் என்பது அதே இடத்தில் இடறிய நமக்குத் தெரியும்.

அங்கே போகும் நம்மவருக்கு நாம் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். வந்து சேர்ந்த முதல் வாரமே பத்து ஜப்பானிய வாக்கியம் கற்றுக்கொண்டு வகுப்பில் பேசிவிட வேண்டும். தப்பு வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆசிரியரே தப்பாகப் பேசிவிட்டு அசையாமல் நிற்கிறார் என்று கண்ட பிறகுதான் கடைசி பெஞ்சுப் பையனுக்கும் வாய் திறக்கத் துணிவு வரும்.

வந்த புதிதில் நாம் பேசிய மராத்தியைக் கேட்டுச் சிரிக்காமல், திருத்திச் சொல்லிக் கொடுத்த மளிகைக் கடைக்காரரையோ பக்கத்து வீட்டு அம்மாளையோ நம்மில் பலர் இன்றும் நினைத்துக்கொள்கிறோம். கடல் கடந்து பாடம் சொல்லப் போகிறவர் அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவராக இருந்துவிட்டால், அந்த ஓராண்டு வீண்போகாது.