கொல்கத்தா மாநகராட்சித் தேர்தல்: வாக்குக் கணக்கும் இடக் கணக்கும்

தென்கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட், மல்லிகைச் சரம், வாழையிலை, காப்பித்தூள் ஆகியவற்றுக்காகத் தமிழர்கள் தலைமுறைகளாக நாடிவரும் இடம் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அந்தச் சந்தை மாநகராட்சிக்குச் சொந்தமானது என்பதும், அங்குள்ள கடைக்காரருக்கு வணிக உரிமம், குப்பை, கழிவுநீர் என அன்றாடம் எதிர்ப்படும் அரசு அந்த மாநகராட்சியே என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சென்னையில் மேயர் இருந்தாலும் நிர்வாக அதிகாரம் ஆணையரிடமே உள்ளது. கொல்கத்தாவிலோ 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ‘மேயர்-இன்-கவுன்சில்’ எனப்படும் குழுவிடம், அதாவது மேயரும் கவுன்சிலர்களிலிருந்து அவர் தெரிந்தெடுக்கும் உறுப்பினர்களும் துறைகளைப் பகிர்ந்துகொள்ளும், நகர அமைச்சரவை என்றே சொல்லத்தக்க அமைப்பிடம், ஒப்படைக்கப்பட்டுள்ளது. எனவே அங்கு வார்டுத் தேர்தல் என்பது நகரை ஆளப்போவது யார் என்பதற்கான தேர்தலும் ஆகும்.

2020இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் கொரோனாவால் தள்ளிப்போய், 2021 டிசம்பர் 19 அன்று நடந்தது. மத்தியப் படைகளை நிறுத்தக் கோரிய பா.ஜ.க.வின் மனு நீதிமன்றத்தில் ஏற்கப்படவில்லை. வன்முறையும் கள்ள ஓட்டும் நடந்ததாக எதிர்க்கட்சிகள் கூறிய புகார்களை ஆளுங்கட்சியான திரிணாமுல் காங்கிரஸ் மறுத்தது. டிசம்பர் 21 அன்று வெளியான முடிவில், மொத்தமுள்ள 144 வார்டுகளில் திரிணாமுல் காங்கிரஸ் 134ஐக் கைப்பற்றியது. பா.ஜ.க.வுக்கு 3, இடதுசாரிகளுக்கு 2, காங்கிரசுக்கு 2, சுயேச்சைகளுக்கு 3 இடங்கள் கிடைத்தன.

திரிணாமுல் பெற்ற வாக்குகள் சுமார் 72 விழுக்காடு. இடங்களோ 93 விழுக்காடு. ஒவ்வொரு வார்டிலும் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் முறையில், நகரெங்கும் சிதறிக் கிடக்கும் வாக்கு இடமாக மாறுவதில்லை. ஏறத்தாழ 12 விழுக்காடு பெற்ற இடதுசாரிகளுக்கு 2 இடங்களும், 9 விழுக்காடு பெற்ற பா.ஜ.க.வுக்கு 3 இடங்களும் கிடைத்த விசித்திரம் இப்படி நேர்ந்ததுதான். பெரும்பான்மையையே எவராலும் மறுக்க முடியாதபோது, இந்த இடைவெளியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்!

லேக் மார்க்கெட் வட்டாரம் அடங்கிய 8ஆவது போரோவில் எதிர்க்கட்சி இடம் இழந்தது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. போரோ என்பது அருகருகே உள்ள பல வார்டுகளைச் சேர்த்த நிர்வாகப் பகுதி. நகரில் அவை 16 உள்ளன. 2015 தேர்தலில் பா.ஜ.க. நகரெங்கும் வென்ற 7 வார்டுகளில் 70, 86, 87 ஆகிய மூன்றும் இந்தப் போரோவைச் சேர்ந்தவை. 2021இல் அவற்றில் ஒன்றுகூட அக்கட்சியிடம் தங்கவில்லை.

திரிணாமுல் காங்கிரசின் பிர்ஹாத் ஹக்கீம் மீண்டும் மேயரானார். சாலை, குடிநீர், சந்தை, வரி என அனைத்தையும் முடிவுசெய்யும் குழு ஒரே கட்சியின் கையில் இருக்க, அதைக் கேள்வி கேட்க அவையில் வெற்றி பெற்று வந்தவர்கள் 10 பேர் மட்டுமே. 144 பேர் கொண்ட மன்றத்துக்கு அது போதாது.