கலசத்தின் தகட்டுக் கணக்கு

கோயில் விமானத்தின் உச்சியில் நிற்கும் செப்புக் கலசம் பெரும்பாலும் தகட்டு வேலை. தாமரை விரிப்பு, குடம், கழுத்து, கூர்மொட்டு என உறுப்புகளைத் தனித்தனியே தட்டி, நடுத்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோப்பார்கள். உள்ளே வெற்றிடம், குடமுழுக்கின்போது அதில் வரகு போன்ற தானியம் நிரப்பப்படும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது கி.பி. 1010இல், செப்புக் குடம் அளித்ததை அக்கோயில் கல்வெட்டு கூறுகிறது. குடத்தின் எடை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடாத கணக்கு.

தட்டையான தகடு ஒரு திசையில் மட்டுமே எளிதாக வளையும். சுருட்டினால் உருளை, வட்டத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து விளிம்புகளைச் சேர்த்தால் கூம்பு. மொட்டின் நுனி இப்படி வந்துவிடும். குடம் வராது. உலோகத்தை நீட்டாமலோ சுருக்காமலோ தட்டைப் பரப்பைக் கோளப் பரப்பாக்க முடியாது என்பது 1827இல் ஜெர்மானியக் கணிதர் கவுஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. பட்டறையில் அது சுத்தியலுக்கு முன்பே தெரிந்த செய்தி.

7 அங்குல ஆரமுள்ள அரைக்கோளத்தை எடுத்துக்கொள்ளலாம். உச்சியிலிருந்து வளைவின் வழியே விளிம்புக்கு 11 அங்குலம். 11 அங்குல ஆரமுள்ள தட்டை வட்டத்தின் சுற்றளவு சுமார் 69 அங்குலம். அரைக்கோள விளிம்புக்கோ 44 போதும். மிஞ்சும் 25 அங்குலம் எங்கே போவது? தகட்டை வெளிப்புறமிருந்து அடித்து எழுப்பினால் விளிம்பு சுருங்கித் தடிக்கும். சுருக்கம் விழுந்தால் உடனே தட்டி அடக்க வேண்டும், மடிந்துவிட்டால் அந்த இடம் கீறும். உட்புறம் குழித்து அடித்தால் நடுப்பகுதி நீண்டு மெலியும். கைதேர்ந்தவர்கள் இரண்டையும் கலந்து, சிறிய வட்டத்திலிருந்தே தொடங்குவார்கள்.

குடம் கழுத்தாகக் குறுகி மறுபடி விரியும் இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே பரப்பு ஒரு திசையில் உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் வளைவதால், விரியும் விளிம்புக்கு உலோகம் பற்றாது, நீட்டித்தான் ஆகவேண்டும். வெடிப்பு காண்பது இங்குதான்.

அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். அதைச் செஞ்சூடாக்கினால் மீண்டும் இளகும். அந்தச் சூட்டிலேயே நீரில் அமிழ்த்தினாலும், எஃகைப் போல் இறுகாது. ஒரு குடத்துக்கு இந்தச் சுற்று பலமுறை நடக்கும். இப்போது கடைசல் இயந்திரத்தில் சுழலும் மர அச்சின்மேல் தகட்டை அழுத்தியும் குடம் எடுக்கிறார்கள். வேலை விரைவு, ஆனால் அச்சு கழன்று வரவேண்டுமே, அதனால் கழுத்து குறுகும் உருவங்களை இரு பாதியாகச் செய்து பற்றவைப்பது வழக்கம்.