ஒளி எட்டும் தூரம்

கையில் பிடிக்கும் டார்ச்சில் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் வெளிச்சம். அதற்காகவே சாலிடரிங் கம்பியும் இடுக்கியுமாக உட்காரும் ஒரு கூட்டம்.

ஒரு பக்கம் இமாலென்ட் எம்எஸ்18. சீனத் தயாரிப்பு. ஒரு லட்சம் லூமென் ஒளியைக் கொட்டுவதாகச் சொல்லப்படும் ராட்சதன். இன்னொரு பக்கம் ஏஸ்பீம் டபிள்யூ30. அதுவும் சீனாதான். மொத்த ஒளி சுமார் 500 லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்ததைவிடக் குறைவு. எது அதிக தூரம் போகும்? தயாரிப்பாளர்களே தரும் கணக்குப்படி முதலாவது 1,350 மீட்டர், இரண்டாவது சுமார் 2,400 மீட்டர். இருநூறில் ஒரு பங்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரு மடங்கு தூரம்.

இந்த முரண்பாட்டில் சொக்கிப்போனவர்கள்தான் 'த்ரோ' பைத்தியங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் இவர்கள் அதிகம். அறை முழுக்கப் பகலாக்கும் டார்ச் இவர்களுக்கு அலட்சியம். தொலைவில் இருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மலை முகடு - அதைத் தொட வேண்டும். கடையில் வாங்கியது போதாது என்று தோன்றும் நாளில் டார்ச்சைப் பிரித்துவிடுகிறார்கள்.

ஆசை புதிதல்ல. கை டார்ச்சுக்கு 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றபோது அதன் பேட்டரி அவ்வளவு சோப்ளாங்கி. தொடர்ந்து எரியாது, மின்னி மின்னி மறையும். 'ஃபிளாஷ்லைட்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். இந்தியாவில் லக்னோவில் செய்த எவரெடியும் அலகாபாத்தில் செய்த ஜீப்பும் கிராமத்து இரவுகளை ஆண்ட காலத்தில், டார்ச்சின் மதிப்பு பேட்டரிக் கட்டைகளின் எண்ணிக்கையில் இருந்தது. இரண்டு கட்டை வைத்திருப்பவர் சாதாரணர். ஐந்து கட்டை என்றால் பண்ணையார். அமெரிக்காவில் 1979இல் வந்த மேக்லைட்டின் அலுமினியக் குழலுக்குள் கூடுதல் வோல்ட்டேஜ் பேட்டரிகளையும் ஹாலஜன் பல்புகளையும் திணித்துப் பார்த்தார்கள் அங்குள்ள ஆர்வலர்கள். பிளாஸ்டிக் பிரதிபலிப்பான் உருகியது. உலோகத்தில் வேறு செய்து மாட்டிக்கொண்டார்கள்.

சரி, 'எட்டும் தூரம்' என்றால் என்ன? 2009இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட எஃப்எல்-1 தரநிலை இதற்கு ஒரு விடை சொன்னது: டார்ச்சின் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு தரையில் தரும் வெளிச்சம் அது. கணக்கும் எளிது. ஒளிக்கற்றையின் செறிவை கேண்டெலாவில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம். இரண்டரை லட்சம் கேண்டெலாவுக்கு 1 கி.மீ. தூரத்தை இரட்டிப்பாக்க இரு மடங்கு போதாது. நான்கு மடங்கு, அதாவது 10 லட்சம் வேண்டும். இந்த வர்க்கக் கணக்குதான் ஆர்வலர்களின் தூக்கத்தையும் பர்சையும் ஒருசேரக் கெடுப்பது.

கேண்டெலாவை உயர்த்த இரண்டே வழி. ஒன்று, ஒளி பிறக்கும் புள்ளியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் கண்ணைப் பறிக்க வேண்டும். இரண்டு, டார்ச்சின் முகம் அகலமாக வேண்டும். பேட்டரியைக் கூட்டுவதும் எல்இடிகளை அடுக்குவதும் லூமெனைக் கூட்டுமே தவிர தூரத்தை அதே அளவில் கூட்டாது. எம்எஸ்18 தோற்பது இங்கேதான். அதன் 18 எல்இடிகள் ஆளுக்கொரு சிறு கிண்ணத்துக்குள் இருக்கின்றன. 2018இல் ஆர்வலர்களே கூடி வடிவமைக்க, சீனாவின் லுமின்டாப் தயாரித்த பிஎல்எஃப் ஜிடி டார்ச்சிலோ ஒரே ஒரு எல்இடி. முகம் ஏறத்தாழ 12 செ.மீ. செறிவு 10 லட்சம் கேண்டெலாவுக்கு மேல்.

முதல் வழியில்தான் கைவேலை. எல்இடி சில்லின் மேல் உள்ள சிலிகான் குமிழ் ஒளி வெளியேற உதவுகிறது. ஆனால் பூதக்கண்ணாடிபோலச் சில்லைப் பெரிதாகவும் காட்டிவிடுகிறது. ஆகவே குமிழை அகற்றினார்கள். பெட்ரோலில் ஊறவைத்து உரிப்பது ஒரு முறை, பிளேடால் சீவுவது இன்னொன்று. உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி அறுந்தால் எல்இடி காலி. மொத்த ஒளி கொஞ்சம் குறையும், தூரம் கூடும். பின்னர் க்ரீ, ஆஸ்ரம் போன்ற நிறுவனங்களே குமிழில்லாத தட்டைச் சில்லுகளை விற்க ஆரம்பித்தன. அதற்கும் மேலே போக 'வேவியன் காலர்' என்ற குழிந்த கண்ணாடி வளையம். பக்கவாட்டில் சிதறும் ஒளியை மீண்டும் சில்லுக்கே திருப்பி அனுப்பி, நடுவில் உள்ள ஓட்டை வழியாக மட்டும் வெளியே விடும். டபிள்யூ30 வகையறாவோ எல்இடியையே கைவிட்டவை. நீல லேசர் ஒன்று பாஸ்பரின்மேல் ஊசிமுனைப் புள்ளியாக விழுந்து வெள்ளை ஒளியாக மாறுகிறது.

வேலை முடிந்ததும் லக்ஸ் மீட்டர் வருகிறது. பத்து மீட்டரில் அளந்து, தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டெலா. அங்கே 10,000 லக்ஸ் காட்டினால் 10 லட்சம். எல்இடி அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருந்தால்கூட எண் சரியும். மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

பொழுதுபோக்குக்காரர்களின் இந்த எண்கள் இந்தியாவில் வேறு சிலருக்கு அதிகம் தேவை. அசாமிலும் வடக்கு வங்கத்திலும் வயலுக்கு வரும் யானைகளை விரட்டப் பட்டாசுடன் சர்ச்லைட்டும்தான் ஆயுதம். இரவுக் காவலுக்கு டார்ச் வாங்குகிறவர் அட்டையில் '5 கி.மீ. ரேஞ்ச்' என்று பார்த்தால் கணக்குப் போட வேண்டும். 5 கி.மீ. எட்ட 62.5 லட்சம் கேண்டெலா வேண்டும். நல்ல எல்இடி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 கேண்டெலா தருகிறது என்று வைத்துக்கொண்டால், இழப்பே இல்லாவிட்டாலும் முகம் 20 செ.மீ. விட்டம் இருந்தாக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவு! கைமுஷ்டி அளவு முகத்துடன் வரும் எல்இடி டார்ச் அந்தத் தூரத்தைக் கனவிலும் எட்டாது. அட்டையில் லூமென் மட்டும் இருந்து கேண்டெலா இல்லாவிட்டாலும் சந்தேகப்படலாம்.

நிஜத் தொலைவுப் பேர்வழிகூட யானைக் காவலுக்கு அரைகுறைதான். 30 மீட்டரில் நிற்கும் யானைக்கு ஒன்றிரண்டு டிகிரி அகலமுள்ள கற்றையால் பயனில்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொன்று இருட்டிலேயே இருக்கும். மங்கிய காற்றும் எதிரி. டெல்லியின் டிசம்பர் இரவில் 10 லட்சம் கேண்டெலா வெறும் வெள்ளைத் தடியாகத்தான் தெரியும். தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. தவிர, 2 கி.மீ. தொலைவில் நிலவளவு வெளிச்சம் விழுந்தாலும், அங்கே என்ன நிற்கிறது என்று பார்க்க பைனாகுலர் வேண்டும்.

ஆபத்துகளும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு உயிர் தருவது 18650 என்ற லித்தியம் பேட்டரி - 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்த அளவில் 3,500 மில்லி ஆம்பியர் மணி என்பதே உயர்ந்த ரகம். 9,900 என்று லேபிள் ஒட்டி விற்கப்படுவது கலப்படமில்லாத பொய். அதைச் சக்தி வாய்ந்த டார்ச்சில் போட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. வானத்தை நோக்கி அடிப்பதிலும் கவனம் தேவை. விமானத்தின்மீது லேசரைக் காட்டுவது அமெரிக்காவில் 2012 சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. டபிள்யூ30 போன்றவற்றிலிருந்து வெளிவருவது லேசர் கற்றை அல்ல என்றாலும் விமானியின் கண் அந்த வித்தியாசத்தைப் பார்க்காது.

எல்லாவற்றையும்விட விசித்திரமான விபத்து பகலில் நடப்பது. புள்ளியிலிருந்து வரும் ஒளியை நேர்க்கற்றையாக்கும் அதே லென்ஸ், நேராக வரும் சூரிய ஒளியைப் புள்ளியாக்கும். முகம் வெயிலைப் பார்க்க ஜன்னலோரம் வைத்த டார்ச், அணைந்திருக்கும்போதே தன் எல்இடியைத் தானே கருக்கிவிடும். அதனால்தான் ஆர்வலர்கள் பலர் சூரியன் இருக்கும்வரை டார்ச்சுக்கு மூடி போட்டே வைத்திருக்கிறார்கள்.