தாய்மையைத் துறக்காத துறவி



உங்கள் பங்கிலே இப்படிப்பட்ட ஒருவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வார நாட்களில் பாடசாலையில் கற்பிப்பார். வீட்டிலே பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பில் நிற்பார். பின்னேரத்தில் வின்சன்ட் டி போல் சபையினரோடு யாரேனும் ஒரு விதவையின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே செல்வார். "எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறாரே, சொந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று அயலவர் கேட்பதுமுண்டு. அவர் உங்கள் தாயாகவே இருக்கலாம். அந்தக் கேள்வி உங்கள் மனத்திலேயே எழுந்திருக்கவும் கூடும்.

இதே கேள்வியை நெஞ்சிலே சுமந்து வாழ்ந்த ஓர் ஆசிரியையைத் திருச்சபை ஜனவரி 4ஆம் திகதியில் நினைவுகூருகின்றது. அவர் பெயர் எலிசபெத் ஆன் சீற்றன். ஐக்கிய அமெரிக்காவில் பிறந்தவர்களுள் முதலாவதாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர் அவரே. 1975 செப்டெம்பர் 14ஆம் திகதி பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

எலிசபெத் 1774ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற மருத்துவர். குடும்பம் அங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தது. தாயின் முகம் நினைவில் பதியுமுன்னரே தாயை இழந்தார். 1794இல் வில்லியம் சீற்றன் என்னும் வணிகரை மணந்தார். அன்னா மரியா, வில்லியம், ரிச்சர்ட், கத்தரீன், ரெபேக்கா என ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். 1797இல், சிறு பிள்ளைகளையுடைய ஏழை விதவைகளுக்கு உதவுவதற்காக நியூயோர்க்கில் பெண்கள் சிலர் ஒரு சங்கத்தை நிறுவியபோது, எலிசபெத் அதில் முன்னின்று உழைத்தார். பொருளாளராகக் கணக்கையும் கவனித்தார். மறு ஆண்டு மாமனார் மறைந்தார். கணவரின் இளைய சகோதர சகோதரிகளும் இவருடைய பொறுப்பிலேயே வந்து சேர்ந்தனர். அந்தச் சிறுவர்களை வீட்டிலே இருத்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவருடைய முதற் பாடசாலை அதுதான் எனலாம்.

பின்னர் கணவரின் வணிகம் நொடித்து, குடும்பம் வங்குரோத்து நிலைக்கு வந்தது. ஏற்கெனவே காசநோயால் வாடிய கணவரின் உடல்நலம் மேலும் குன்றியது. இத்தாலியின் வெப்பமான காற்று குணம் தருமென்ற நம்பிக்கையில், 1803 ஒக்டோபரில் கணவரையும் எட்டு வயது அன்னா மரியாவையும் அழைத்துக்கொண்டு எலிசபெத் கப்பலேறினார். மற்ற நான்கு பிள்ளைகளையும் உறவினரிடம் விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று.

நவம்பரில் கப்பல் லிவோர்ணோ துறைமுகத்தை அடைந்தது. ஆனால் நியூயோர்க்கில் மஞ்சட் காய்ச்சல் பரவியிருந்த செய்தி அங்கே எட்டியிருந்தது. ஆகவே கரையிலே காத்திருந்த நண்பர்களை நெருங்கவும் விடாமல், மூவரையும் நோய்த்தடுப்புக் காவலகத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைத்தனர். செங்கல் பாவிய தரை, வெறுஞ்சுவர், கடலிலிருந்து வீசும் குளிர்காற்று. கணவர் இரத்தம் கக்கும் இருமலோடு படுத்திருந்தார். எலிசபெத் அவருக்குத் திருவிவிலியத்தை வாசித்தார், செபித்தார், நியூயோர்க்கிலிருந்த மைத்துனிக்காக நாட்குறிப்பு எழுதினார். அதிலே ஒரு காட்சி. சிறுமி அன்னா மரியா, பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தெடுத்து, குளிர் போக்குவதற்காகக் கயிறடித்துத் துள்ளுகிறாள். சாகும் தந்தையின் அருகே துள்ளும் குழந்தையைப் பார்த்து எழுத, ஒரு தாயால் எப்படி முடிந்ததோ!

டிசம்பர் 19ஆம் திகதி விடுதலை கிடைத்தது. எட்டாம் நாள், டிசம்பர் 27இல், வில்லியம் பீசா நகரில் உயிர் நீத்தார்.

இருபத்தொன்பது வயதில் விதவையான அவரைக் கணவரின் வணிக நண்பர்களான பிலிக்கி குடும்பத்தினர் தம் வீட்டிலே தாங்கினர். அவர்கள் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். அந்த வீட்டிலேதான், இயேசு நற்கருணையில் உண்மையாகவே பிரசன்னமாயிருக்கிறார் என்ற விசுவாசத்தை எலிசபெத் நேரிலே கண்டார். நற்கருணைப் பவனி சாளரத்தின் கீழே கடந்து சென்ற ஒரு நாளில், தம்மையறியாமலே முழந்தாளில் விழுந்தார். தாயன்பை அறியாது வளர்ந்த அவருக்கு, தேவ அன்னையை நோக்கிய ஒரு செபம் இழந்த தாயைத் திருப்பித் தந்தது போலிருந்தது.

1804இல் அவர் நாடு திரும்பினார். கையில் பொருளில்லை, சுற்றிலும் ஐந்து பிள்ளைகள். தாம் பொருளாளராயிருந்த சங்கம் எவர்களுக்காக உருவானதோ, அவர்களுள் ஒருத்தியாகத் தாமே ஆகிவிட்டார். இந்நிலையிலும் உறவினர் தயவை உறுதிசெய்துகொள்ள அவர் முனையவில்லை. அங்கிலிக்கன் சிற்றாலயத்தில் அமர்ந்திருந்தபோதும், அடுத்த தெருவிலிருந்த கத்தோலிக்க ஆலயத்தின் பக்கமாகத் திரும்பி, அங்குள்ள நற்கருணையை நோக்கிச் செபித்ததாகத் தோழி ஒருவருக்கு எழுதினார். பல மாதப் போராட்டத்தின் பின், 1805 மார்ச் 14ஆம் திகதி நியூயோர்க்கின் புனித பேதுரு ஆலயத்தில் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். மார்ச் 25இல், மங்கள வார்த்தைத் திருநாளன்று, முதன்முறையாக நற்கருணை உட்கொண்டார்.

அக்காலத்து நியூயோர்க்கில் கத்தோலிக்கர் பெரும்பாலும் ஏழைக் குடியேறிகள். அவர்களோடு சேர்ந்தவளை உயர்குடி உறவினர் எப்படி நோக்கியிருப்பர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆசிரியையாக உழைத்துப் பிழைக்க அவர் எடுத்த முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. கணவரின் இளைய சகோதரி செசிலியாவும் 1806இல் கத்தோலிக்கரானபோது பழி முழுவதும் எலிசபெத் மீதே விழுந்தது.

1808இல் குருவானவர் டுபூர்க் அழைத்ததற்கிணங்க, பல்ற்றிமோர் நகரிலே பெண் பிள்ளைகளுக்கான சிறு பாடசாலையொன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மார்ச் 25இல், ஆயர் ஜோன் கரோல் முன்னிலையில் வார்த்தைப்பாடு எடுத்தார். 1809இன் நடுப்பகுதியில் மேரிலண்ட் மாநிலத்தின் எமிற்ஸ்பேர்க் என்ற மலையடிவாரக் கிராமத்துக்குச் சென்று, அங்கே அன்பின் சகோதரிகள் சபையை ஆரம்பித்தார். ஒரு சிறு கல்வீட்டில் பதினாறு பேர். கோப்பிக்குப் பதிலாகக் கரட்டைக் காய்ச்சிக் குடித்தனர். இத்தாலியில் விதவையானபோது அவர் அணிந்த கறுப்பு உடையே சகோதரிகளின் துறவற உடையாயிற்று! 1810 பெப்ரவரி 22ஆம் திகதி ஏழைச் சிறுமிகளுக்கான புனித சூசையப்பர் இலவசப் பாடசாலை திறக்கப்பட்டது. விடுதி மாணவிகள் செலுத்திய கட்டணம் ஏழைப் பிள்ளைகளின் கல்வியைத் தாங்கியது.

இங்கேதான், வாசகர்களே, அந்தப் பழைய கேள்வி கூர்மையாக எழுந்தது. சபைக்குப் பிரான்சிலுள்ள புனித வின்சன்ட் டி போலின் சகோதரிகளுடைய ஒழுங்குகளை வழங்குவதென்றும், அச்சபையுடனேயே இணைப்பதென்றும் பேச்சு நடந்தது. சட்டப்படி ஐந்து பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஒரு தாய், அத்தகைய சபையில் எப்படித் தலைவியாயிருப்பது? எலிசபெத் தயங்கவில்லை. என்ன கேட்டாலும் தம்மிடமுள்ள ஒரே மறுமொழி தாம் ஒரு தாய் என்பதே. அதற்கு இசைவாக இறைவன் எதை அனுப்பினாலும் ஏற்பேன் என்ற கருத்தில் கடிதமெழுதினார். தாம் தொடங்கிய சபையை விட்டு வெளியேற வேண்டி வந்தாலும் பிள்ளைகளை விடத் தயாராக அவர் இல்லை. சில புனிதர் வரலாறுகளில் குடும்பம் ஒரு முன்னுரை போல வந்து மறைந்துவிடும். இவருடைய வரலாறு அப்படியன்று. ஈற்றில் ஒழுங்குவிதிகள் அமெரிக்கச் சூழலுக்கேற்ப மாற்றப்பட்டன. பிள்ளைகளின் பாதுகாவலராக அவர் நீடிப்பதற்கு இடமளிக்கும் ஏற்பாட்டுடன் 1812 ஜனவரியில் ஆயர் கரோல் அவற்றை அங்கீகரித்தார்.

அந்த அங்கீகாரம் கிடைத்து இரண்டு மாதமாகுமுன்னரே, மார்ச் 12ஆம் திகதி, அன்னா மரியா காசநோயால் இறந்தாள். காவலகத்தில் கயிறடித்த அதே பிள்ளை; பதினாறு வயது. மரணப் படுக்கையிலே அவளும் சகோதரியாக வார்த்தைப்பாடு கொடுத்திருந்தாள். அதன்பின் தாய் பட்ட பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. மாதக் கணக்காக அறிவு பேதலித்துவிடுமோ என்று அஞ்சியதாக அவரே பின்னர் எழுதினார். புனிதர்கள் அழுவதில்லை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்களிலும் பாடசாலை மணி அடித்தது. பிறர் பிள்ளைகள் புத்தகத்தோடு காத்திருந்தனர். 1816 நவம்பரில் கடைக்குட்டி ரெபேக்காவும் போனாள். பனியில் விழுந்து இடுப்பில் ஏற்பட்ட பாதிப்பு பெருநோயாகி, பல வாரங்கள் தாயின் அணைப்பிலே சாய்ந்திருந்து இறந்தபோது அவளுக்கு வயது 14.

ஆண்மக்கள் இருவராலும் வேறுவிதமான வேதனை. இருவரும் அடுத்தடுத்து லிவோர்ணோவில் பிலிக்கி குடும்பத்தினரின் வணிகத்தில் சேர்க்கப்பட்டனர். இருவருக்கும் அது ஒத்துவரவில்லை. மூத்தவன் கடற்படையில் சேர்ந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் கற்பித்த ஆசிரியை, தம் மக்களின் விசுவாசத்துக்காகக் கடல் கடந்து கடிதம் மேல் கடிதமாக மன்றாடிக்கொண்டிருந்தார். உங்களுள் சிலருக்கு இந்த வேதனை புதிதல்ல.

1821 ஜனவரி 4ஆம் திகதி, நாற்பத்தாறாம் வயதில், கணவரையும் மகளையும் கொண்டுபோன அதே காசநோயால் எலிசபெத் எமிற்ஸ்பேர்க்கில் மரித்தார். ஆண்மக்கள் இருவரும் அருகிலிருக்கவில்லை. படுக்கையருகே முழந்தாளிட்டு விம்மிக்கொண்டிருந்தவள் கத்தரீன்.

தாயிடமே கல்வி கற்ற அந்தக் கத்தரீன், 1846இல் நியூயோர்க்கில் இரக்கத்தின் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். சிறைச்சாலைக் கைதிகளிடையே நீண்ட காலம் பணியாற்றி, 1891இல் தொண்ணூறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.